மட்டக்களப்பில் அடிமைகளாக வாழ்ந்தவர்களைச் சுவடிகளில் தேடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்முனைப் பக்கத்தில் நெடுங்காலம் வரலாறு படிப்பித்து ஓய்வுபெற்றவன் நான். கொழும்புக்குப் போகும்போதெல்லாம் சுவடிக்கூடத்தில் ஒரு நாளாவது உட்காராமல் திரும்புவதில்லை. இதைத் தெரிந்துகொண்டு பழைய மாணவர்களும் அவர்கள் அனுப்பிவைக்கும் ஆட்களும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதிவைக்கிறேன்.

எங்கட பக்கத்தில் அடிமைகள் இருந்தாங்களா சேர்? அது அமெரிக்காக் கதையல்லவா?

இருந்தார்கள். மட்டக்களப்பின் புளியந்தீவுக் கோட்டையை ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனி இலங்கையில் தன் கோட்டைகளிலும் பண்டசாலைகளிலும் அடிமைகளை வைத்து வேலை வாங்கியது. கும்பனி உத்தியோகத்தர் தம் வீட்டு வேலைக்கென்றும் தனியாக ஆட்களை விலைக்கு வாங்கினார்கள். கொழும்பில் நாம் கொம்பனித்தெரு என்று சொல்லும் இடத்துக்கு ஆங்கிலத்தில் ‘அடிமைத் தீவு’ என்று பெயர் வந்ததே கும்பனி தன் அடிமைகளை இரவில் அங்கே அடைத்துவைத்ததால்தான்.

அவர்கள் வந்த வழிகள் பல. வங்காளம், அரக்கான், மலையாளக் கரை, பாலி, மக்கஸார் என்று அது நீளும். நமக்கு நெருக்கமான வழி நாகபட்டினம். 1659 முதல் 1661 வரை தஞ்சை நாட்டில் கடும் பஞ்சம். பிள்ளைகளை விற்றார்கள், தங்களையே விற்றவர்களும் உண்டு. அதற்கு முந்திய வருடந்தான் நாகபட்டினம் ஒல்லாந்தர் கைக்கு வந்திருந்தது. ஆயிரக்கணக்கானோரைக் கப்பலேற்றி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) கொண்டுபோனார்கள். இலங்கைக்கு வந்தவர்களில் பலரை இறக்கியது நெல் விளைவிக்க. இதை வாசிக்கும்போது தமிழ் பேசுகிறவன் ‘அமெரிக்காக் கதை’ என்று சொல்ல மாட்டான்.

ஆங்கிலேயர் 1795இல் மட்டக்களப்பை எடுத்த பிறகும் இது நின்றுவிடவில்லை. பிரித்தானியப் பாராளுமன்றம் 1833இல் அடிமைமுறையை ஒழித்த சட்டம் இலங்கையை வெளியே விட்டுவிட்டது. இங்கே அது முடிந்தது 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு.

ஊரில் ‘சிறை’ என்று சொல்கிறார்களே, அது இதுதானா?

இந்தக் கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லிப் பல பேர் வம்பில் மாட்டியிருக்கிறார்கள்.

மட்டக்களப்பில் ‘கல்வெட்டு’ என்றால் கல்லில் வெட்டியது மட்டுமல்ல. கோயில் முறைகளையும் குடிகளின் பரவணியையும் (வம்ச வழியையும்) சொல்லும் ஏட்டுப் பாடலுக்கும் அதே பெயர்தான். அவற்றில் ‘சிறை’ என்ற சொல் வரும். சண்டையில் பிடிபட்டவன் என்பது சொல்லின் பழைய பொருளாக இருக்கலாம். ஆனால் பாடல்களில் அது பெரும்பாலும் கோயிலுக்கும் பெரிய குடிகளுக்கும் தொழில் செய்யக் கடமைப்பட்ட குடிகளைக் குறிக்கிறது. அந்த ஆட்களைச் சந்தையில் விற்று வாங்கினார்கள் என்று அந்தப் பாடல் சொல்லவில்லை. கும்பனிக் கடதாசியில் விலையோடு வருகிற ‘ஸ்லாஃப்’ (அடிமை) வேறு, பாடலில் முறையோடு வருகிற ‘சிறை’ வேறு. இரண்டும் ஒரே ஆளின் வாழ்க்கையில் சந்தித்திருக்கவும் கூடும். அதை அந்தந்த ஆளுக்குச் சான்று காட்டி நிறுவ வேண்டும், சொல்லை வைத்து நிறுவ முடியாது.

யாழ்ப்பாணத்தில் நிலைமை வேறு. 1707இல் ஒல்லாந்தர் எழுதுவித்த தேசவழமை என்ற யாழ்ப்பாணத்து வழக்குச் சட்டத்தில் அடிமைகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அதில் சாதிப் பெயர்களும் உண்டு. அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து மட்டக்களப்புக்குப் பொருத்தாதீர்கள். இங்கே நடந்தது தேசவழமை அல்ல, மட்டக்களப்பின் வழக்குச் சட்டமான முக்குவர் சட்டம்.

பெரிய வயற்சொந்தக்காரரான போடியாரிடம் வேலைக்கு நின்ற முல்லைக்காரனையும் வயல்காரனையும் அடிமை என்று எழுதின ஒரு பிள்ளையின் ஒப்படையை நான் திருத்த வேண்டி வந்தது. அது கூலியும் பங்கும் கடனும் கலந்த வேறொரு கதை. அதில் அநியாயம் இருக்கலாம், ஆனால் பெயர் வேறு.

சுவடிகள் எங்கே இருக்கின்றன? கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கேட்டால் கிடைக்குமா?

உள்ளூரில் கிடைப்பது மிகக் குறைவு. 1978 சூறாவளி, யுத்தம், 2004 சுனாமி மூன்றும் நம் வீட்டு ட்ரங்குப் பெட்டிகளைக் காலி செய்துவிட்டன. அதற்கு முதலே, ஒல்லாந்தர் காலக் கடதாசி கொழும்புக்குப் போய்விட்டது.

முதல் இடம் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களம். இலங்கையில் ஒல்லாந்தர் விட்டுப்போன ஆட்சிப் பதிவேடுகள் ஏழாயிரம் தொகுதிக்கு மேல் அங்கே இருக்கின்றன. கும்பனிச் சுவடிகளை யுனெஸ்கோ 2003இல் உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது. அதில் இலங்கையின் பங்கும் உண்டு. உள்ளே போகுமுன் ஜூரியான்ஸே அம்மையார் தயாரித்து 1943இல் வெளிவந்த பட்டியலைப் பாருங்கள். எந்தத் தொகுதியில் எந்த ஊர், எந்த வருடம் என்று அதில் இருக்கும். இலக்கம் தெரியாமல் போய் மேசையில் உட்கார்ந்தால் அன்றைய பொழுது பட்டியலிலேயே போய்விடும். எனக்கு முதல் இரண்டு பயணமும் அப்படித்தான் போயின.

இரண்டாவது, நெதர்லாந்தின் ஹேக் நகரிலுள்ள தேசியச் சுவடிக்கூடம். இலங்கையிலிருந்து ஒல்லாந்துக்கு அனுப்பிய கடிதங்களும் அறிக்கைகளும் நகல்களும் அங்கே. பெரும்பகுதியைப் படமெடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். அக்கரைப்பற்றில் வீட்டிலிருந்தபடியே பார்க்கலாம், காசு இல்லை.

மூன்றாவது, லண்டன் கியூவில் உள்ள பிரித்தானியத் தேசியச் சுவடிக்கூடம். இலங்கை அடிமைப் பதிவேடுகள் ‘டி 71’ (T 71) என்ற வரிசையில் இருக்கின்றன. ஆளுநர்களின் கடிதப் போக்குவரத்து ‘சி ஓ 54’ (CO 54). இலங்கை ஆட்சியை விசாரிக்க வந்த கோல்புரூக், கமரன் ஆணைக்குழு திரட்டியவை ‘சி ஓ 416’ (CO 416). இந்த மூன்று இலக்கங்களையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

தேவாலயப் பதிவேடுகளையும் விட்டுவிடாதீர்கள். ஒல்லாந்தச் சீர்திருத்தத் திருச்சபையின் ஞானஸ்நான, விவாகப் பதிவுகளில் அடிமைத் தாய்மாரின் பிள்ளைகள் வருகிறார்கள். கொழும்பு வுல்வெண்டால் தேவாலயப் பக்கத்துப் பதிவுகள் வம்சாவளி தேடுவோருக்கான இலவச இணையதளம் ஒன்றில் கிடைக்கின்றன.

மட்டக்களப்பைப் பற்றி யாழ்ப்பாணம், கொழும்பு அளவுக்குக் கடதாசி இல்லையே, ஏன்?

ஒல்லாந்தர் கையில் கோட்டை இருந்தாலும் உள்நாடு நெடுங்காலம் கண்டி ராசாவின் செல்வாக்கில் இருந்தது. கரை முழுவதையும் கண்டி கும்பனிக்கு விட்டுக்கொடுத்தது 1766 உடன்படிக்கையில். ஆகவே பற்றுப் பற்றாக (பிரிவு பிரிவாக), ஊர் ஊராக எழுதும் வேலை பிந்தித்தான் வந்தது. கோட்டைக்குப் பொறுப்பாயிருந்தவர்கள் பதவி மாறும்போது அடுத்தவருக்கு எழுதிவைத்த குறிப்புகள் இரண்டு முக்கியம்: பீட்டர் டி கிராவே 1676இல் எழுதியது, ஜேக்கப் பர்னான்ட் 1794இல் எழுதியது. பர்னான்ட் நெல்லையும் குளங்களையும் பற்றி நிறைய எழுதுகிறார். யார் வெட்டினார்கள், யார் சுமந்தார்கள் என்ற கேள்வியோடு வாசித்தால் அதே பக்கம் வேறு மாதிரித் தெரியும்.

ஒல்லாந்த மொழி தெரியாது. மறுகா எப்படி வாசிக்கிறது?

நானும் முழுதாகப் படித்தவனல்ல. முதலில் இருபது முப்பது சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். ‘ஸ்லாஃப்’ ஆண் அடிமை, ‘ஸ்லாவின்’ பெண் அடிமை. ‘லைஃப்ஐகன்’ என்று வந்தால் உடலே உடைமையானவர். ‘ஃப்ரைபிரீஃப்’ விடுதலைக் கடிதம். ‘ஓப்பர்ஹோஃப்ட்’ என்பது நம் கோட்டைத் தலைவர். ‘ஓலா’ என்றிருந்தால் மகிழ்ச்சியடையுங்கள். அது நம் ஓலைதான். அந்த இடத்தில் ஒரு தமிழ் மனுவோ கடிதமோ இருந்து அதை மொழிபெயர்த்துத் தைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

கையெழுத்தை வாசிப்பது மொழியைவிடக் கஷ்டம். இப்போது கணினி அந்த வேலையைச் செய்கிறது. நெதர்லாந்தில் குளோபலைஸ் என்ற திட்டம் கும்பனியின் பல மில்லியன் பக்கங்களைக் கணினியால் எழுத்தாக்கி, சொல் போட்டுத் தேடும்படி வைத்திருக்கிறது. பிழைகள் நிறைய. இருந்தாலும் மட்டக்களப்பை ‘பட்டிக்கலோவா’ என்று நாலைந்து எழுத்துக்கூட்டலில் தேடினால் எந்தத் தொகுதியைத் திறக்க வேண்டும் என்றாவது தெரிந்துவிடும். தேடலில் ஒன்றும் வரவில்லையென்றால், இல்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

பெயரை வைத்துத் தேட முடியுமா?

முடியும், ஆனால் பெயர்தான் முதல் ஏமாற்று.

வாங்கியவர் தன் இஷ்டப்படி பெயர் வைத்தார். ஜனவரி, செப்டம்பர் என்று மாதப் பெயர்கள், கியூப்பிட், அப்பொல்லோ, ஃபோர்ச்சூன் என்று பழைய ரோமக் கதைப் பெயர்கள். பின்னால் ‘வான்’ போட்டு ஊர்: வான் பாலி, வான் பெங்காலன், வான் மலபார். அந்த ஊர் பிறந்த ஊராக இருக்கலாம், கப்பல் ஏற்றிய துறைமுகமாகவும் இருக்கலாம். தஞ்சாவூருக்கு உட்பக்கத்தில் பிறந்த ஒரு பெண் நாகபட்டினத்தின் பெயரோடு செத்துப்போயிருப்பாள்.

‘மலபார்’ என்ற சொல்லில் தடுக்கி விழாதவர் இல்லை. இன்று கேட்டால் கேரளம் என்று நினைப்போம். இலங்கையில் ஒல்லாந்தரும், அவர்களுக்குப் பின் ஆங்கிலேயரும், தமிழரையும் தமிழ் மொழியையும் அந்தப் பெயரால் எழுதினார்கள். ‘மலபார் ஓலை’ என்றால் தமிழ் ஓலை. ஆகவே ‘வான் மலபார்’ என்று கண்டதும் கொச்சிக்கு ஓடாமல் அந்தப் பதிவில் வேறு என்ன குறிப்பு இருக்கிறது என்று பாருங்கள்.

தமிழ்ப் பெயர் தப்பிப் பிழைத்த இடத்திலும் எழுத்துக்கூட்டல் ஒரு விடுகதை. நம் ‘உ’ ஒலியை ஒல்லாந்தர் ஆங்கில ‘ஓ’வையும் ‘ஈ’யையும் சேர்த்து எழுதுவார்கள். முத்து என்ற பெயரை ஆங்கிலம் படித்த கண் ‘மோட்டோ’ என்று வாசிக்கும். ‘ஜே’ வந்தால் அது ‘ய’. வைரவனுக்குச் சிலபோது ‘டபிள்யூ’. நான் சொல்லும் உபாயம் ஒன்றுதான்: கண்ணால் வாசிக்காதீர்கள், வாய்விட்டு வாசியுங்கள். பக்கத்து மேசைக்காரர் முறைப்பார், பரவாயில்லை. காளி, கந்தன், சின்னவன் என்று காதில் விழும்.

வெளியே கொண்டுபோனவர்களுக்கும் இதே வழிதான். தென்னாபிரிக்காவின் கேப் பக்கத்துச் சொத்துக் கணக்குகளில் ‘வான் சிலோன்’ என்ற பெயரில் ஆட்கள் வருகிறார்கள். மேசை, கட்டில், செம்புப் பானைக்கு அடுத்த வரியில்.

அவர்களே பேசிய ஏதாவது இருக்கிறதா? எல்லாம் எசமான்கள் எழுதியதுதானே?

எழுதியது எசமான்களின் எழுத்தர். ஆனால் வழக்குக் கட்டுகளில் குரல் கேட்கும். கும்பனியின் நீதிச்சபையில் விசாரணை நடக்கும்போது தாளை இரண்டு பத்தியாகப் பிரித்து ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில் எழுதுவார்கள். முதற் கேள்வி எப்போதும் பெயர், வயது, பிறந்த இடம், யாருடைய அடிமை. ஓடிப்போனவர், அடிபட்டவர், திருட்டுக் குற்றம் சுமத்தப்பட்டவர் வாயிலிருந்து வந்தது அங்கே நிற்கிறது. ஒருத்தி எங்கே படுத்தாள், யாரோடு சாப்பிட்டாள், எந்தக் கிழமை சந்தைக்குப் போனாள் என்பதெல்லாம் வழக்குக்காக அல்ல, வழியோடு வந்து விழுந்த செய்திகள். நான் தேடுவது அவற்றைத்தான். குற்றம் என்ன, தீர்ப்பு என்ன என்பது எனக்கு இரண்டாம்பட்சம்.

ஒன்றைக் கவனியுங்கள். அவள் பேசியது தமிழிலோ, அடிமைகளுக்கிடையே பொதுமொழியாயிருந்த போர்த்துக்கேயக் கலப்புமொழியிலோ. எழுத்தர் எழுதியது ஒல்லாந்தத்தில், ‘அவள் சொல்வதாவது’ என்று படர்க்கையில். பயத்தில் சொன்னதும், மொழிபெயர்ப்பில் போனதும் உண்டு. கடைசியில் ஒரு கீறல் அடையாளம் இருக்கும். அந்தத் தாளில் அவள் கையால் போட்டது அது ஒன்றுதான்.

1818 பதிவேட்டில் என்ன கிடைக்கும்?

பின்னணியைத் தெரிந்துகொண்டு திறந்தால் அதிகம் கிடைக்கும். 1816இல் பிரதம நீதியரசர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டனின் முயற்சியில், கரையோர ஊர்களின் உடைமையாளர் பலர், அந்த வருடம் ஆகஸ்ட் 12க்குப் பிறகு தம் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரர் என்று எழுதிக்கொடுத்தார்கள். அன்று இங்கிலாந்தில் அரசருக்குப் பதிலாக ஆட்சி நடத்திய இளவரசரின் பிறந்தநாள். அந்த வாக்கை உறுதிப்படுத்தவும் எல்லா அடிமைகளையும் பதியவும் 1818இல் 9ஆம் இலக்க ஒழுங்குவிதி வந்தது. ஒரே ஆளைப் பல பேர் பங்காக வைத்திருந்த வழக்கத்தையும் அது நிறுத்தியது. ஆம், காணியைப் போல ஆளையும் பங்கு வைத்திருந்தார்கள். 1821இல் யாழ்ப்பாணத்துச் சில சாதிகளின் பெண் குழந்தைகளைப் பிறக்கும்போதே அரசு விலை கொடுத்து விடுவிக்கும் ஏற்பாடு வந்தது.

ஏன் பெண் குழந்தை? அடிமைநிலை தாய்வழியே இறங்கியது. தாய் அடிமையென்றால் பிள்ளை அடிமை, தகப்பன் யாராயிருந்தாலும். மகளை விடுவித்தால் அவள் வயிற்றில் பிறப்பவரெல்லாம் விடுதலை.

இதை முதலில் வாசித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். குடி தாய்வழி வருகிற ஊரில் பிறந்தவன் நான். கோயிலில் எந்தக் குடிக்குத் திருவிழா, யாரை யார் கட்டலாம் என்பதெல்லாம் தாயைக் கேட்டுத்தான் தீரும். நமக்குப் பெருமையாக வந்த அதே வழியால் வேறொருத்திக்கு விலங்கு வந்திருக்கிறது. தேடும் வேலைக்கு இது உதவவும் செய்கிறது. பதிவில் தகப்பன் பெயர் இல்லையென்று கைவிடாமல், தாயின் பெயரைப் பிடித்து மேலே ஏறுங்கள். மட்டக்களப்பு ஆளுக்கு அது பழக்கப்பட்ட ஏணி.

நகலை நம்பலாமா?

பெரியபுராணத்தில் கல்யாணப் பந்தலுக்கு வந்த கிழவர் ‘நீ எனக்கு அடிமை’ என்று நீட்டிய ஆளோலையைச் சுந்தரர் கிழித்துப்போட்டது எல்லோருக்கும் தெரியும். கிழிந்தது படியோலை (நகல்), மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்றார் கிழவர். அங்கே அவையோர் மூல ஓலையை வாங்கி, சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறொரு ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, இரண்டு கையெழுத்தும் ஒத்துப்பார்த்துத்தான் தீர்ப்புச் சொன்னார்கள். சுவடி ஆராய்ச்சிக்கு இதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது.

ஹேக்கில் இருப்பது பெரும்பாலும் படியோலை. மேலிடத்துக்கு அனுப்ப எழுத்தர் பார்த்தெழுதியது. பெயரும் எண்ணும் மாறியிருக்கும். கொழும்பில் மூலம் இருந்தால் ஒத்துப்பாருங்கள். இல்லையென்றால் ‘நகலில் கண்டது’ என்று எழுதிவையுங்கள்.

எங்கட உம்மும்மாவின் (அம்மம்மாவின்) உம்மாவைக் கோட்டையிலிருந்து கூட்டிவந்ததாகச் சொல்வாங்க. அதைப் பதிவில் பிடிக்கலாமா?

அக்கரைப்பற்றுத் தம்பி ஒருவர் கேட்டது. முதலில் தலைமுறையை எண்ணுங்கள். உம்மும்மாவின் உம்மா என்றால் பெரும்பாலும் 1880க்குப் பிறகு பிறந்தவர். அடிமைமுறை 1844இல் முடிந்துவிட்டது. அப்படியானால் கதையிலுள்ள பெண் இன்னும் இரண்டு தலைமுறை மேலே இருந்தவராக இருக்கலாம், அல்லது கோட்டை என்பது கச்சேரியாகவும் இருக்கலாம். கச்சேரி நெடுங்காலம் கோட்டைக்குள்தானே இயங்கியது. அங்கே சமையலுக்குப் போனவரும் ‘கோட்டையிலிருந்து வந்தவர்’தான்.

வீட்டிலுள்ள வயது போனவர்களிடம் கேட்டு, சொன்னபடியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். அதன் பிறகு காணி உறுதிகள், விவாகப் பதிவு, 1871 முதல் வந்த குடித்தொகைக் கணக்கு என்று இன்றிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு படியாக இறங்குங்கள். மேலேயிருந்து குதித்து ஒரு அடிமைப் பதிவில் விழுந்து, ‘இதுதான் எங்கட ஆள்’ என்று பிடித்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

பறங்கியரும் காப்பிரிகளும்?

ஐரோப்பியர் வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர் வீட்டில் பேசும் போர்த்துக்கேயம், அடிமைகள் பேசிய அந்தப் பொதுமொழியின் உறவு. அதற்காக அதைப் பேசுகிறவரெல்லாம் அடிமை வழியென்றும் இல்லை, எசமான் வழியென்றும் இல்லை. காப்பிரிகளின் முன்னோரைப் போர்த்துக்கேயர் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்தார்கள், ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அதைத் தொடர்ந்தார்கள். ஆங்கிலேயர் தம் படைக்கென்றே ஆபிரிக்கரை விலைக்கு வாங்கினார்கள். அப்படிப்பட்டவர்களைப் படைப்பட்டியல்களில் தேடுங்கள்.

மலையகத் தோட்டத் தொழிலாளரும் இதில் சேர்வார்களா?

இல்லை. அவர்கள் வந்தது ஆள் சேர்க்கும் கங்காணியும், தொழிலாளியின் கடனை எழுதிய துண்டுச் சீட்டும் வழியாக. கொடுமை ஒன்றுபோல் தெரிந்தாலும் சட்டமும் சுவடியும் வேறு. வேறு அலுமாரி.

கண்டுபிடித்ததை ஊரில் சொல்லலாமா? பேர் போட்டு எழுதலாமா?

செத்துப்போனவர்களின் பெயரைப் போடுங்கள். பெயரில்லாமல் விற்கப்பட்டவர்களுக்குப் பெயர் கிடைத்தால் அதை மறைப்பதில் என்ன நியாயம்? விற்றவரின், வாங்கியவரின் பெயரையும் போடுங்கள், அதை விழுங்கிவிட்டு எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஆனால் ‘இன்ன தெருவில் இருக்கும் இன்ன குடும்பம் இவர்கள் வழி’ என்று கோடு இழுக்காதீர்கள். கோயில் வண்ணக்கர் (நிர்வாகி) தேர்தலிலும் கல்யாணப் பேச்சிலும் அந்த ஒரு வரி என்ன செய்யும் என்று இந்த ஊரில் இருக்கிற எவருக்கும் விளக்கத் தேவையில்லை. அந்தக் குடும்பமே விரும்பிச் சொன்னால் வேறு விஷயம். அப்போதும் எழுதியதை அச்சுக்கு முன் அவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள்.

வீட்டில் ஏடு கிடக்கிறது. என்ன செய்ய?

கட்டை அவிழ்த்து வெயிலில் காயப்போட வேண்டாம். லாமினேட் கடைக்கும் கொண்டுபோக வேண்டாம். ஏடுகள் இருக்கும் வரிசையை மாற்றாமல், ஜன்னலோர வெளிச்சத்தில், ஒவ்வொன்றையும் இருபக்கமும் கைபேசியில் படமெடுங்கள். பக்கத்தில் ஒரு அடிமட்டம் வையுங்கள், அளவு தெரிய. நூலகம் நிறுவனம் இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிம வடிவில் சேமிக்கிறது, அவர்களோடு பேசலாம். ஏட்டைக் கொடுத்துவிட வேண்டியதில்லை, படம் போதும். வாசிக்க ஆள் வேண்டுமென்றால் ஒரு ஞாயிறு பின்னேரம் கொண்டுவாருங்கள், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இருக்கிறேன்.